சூழல்சாரா எல்லைக்கு அப்பால்: இலக்கணமும் இயந்திரமும் எழுதும் முறை

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுப் பட்டப்படிப்பில் ஆங்கில விரிவுரைக்கு மாறும் கொழும்புப் பிள்ளைகள், கணிப்புக் கோட்பாட்டில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒழுங்கு மொழி (regular language) ஓடிவிடும். சூழல்சாரா இலக்கணமும் (context-free, விதியின் இடப்பக்கத்தில் ஒரேயொரு மாறி) ஸ்டாக் இயந்திரமும் (pushdown automaton) நாலு கணக்குச் செய்தால் கைக்கு வந்துவிடும். அதற்கு மேலே, விதியின் இடப்பக்கத்தில் இரண்டு எழுத்து வந்த உடனே, பழைய விடைத்தாளைப் பார்த்து மனனம் செய்வது தொடங்குகிறது. மனனம் செய்த இலக்கணத்தில் ஓர் எழுத்து மாறிப்போனாலும் முழுப் புள்ளியும் போய்விடும்; ஏன் போனது என்பதும் விளங்காது.

இந்தப் பகுதியில் சரியான சொற்களைப் பிறப்பிக்கும் விதிகளை எழுதுவது லேசு. பிழையான சொல் ஒன்றும் வெளியே தப்பாமல் அடைப்பதுதான் வேலை. கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த வேலைக்கானவை.

முதலில் எழுத்து ஏற்பாடு

விதி என்றால் அம்புக்குறியின் இடப்பக்கத்தில் உள்ளதை எடுத்து வலப்பக்கத்தில் உள்ளதை வைப்பது. ஆங்கிலப் புத்தகங்களில் பெரிய எழுத்து மாறி (இன்னும் மாற்றப்படவேண்டியது), சிறிய எழுத்து முடிவெழுத்து (கடைசிச் சொல்லில் நிற்பது). தமிழில் பெரிய எழுத்து இல்லை. ஆனால் அதைவிட நல்ல பிரிவு இருக்கிறது. உயிரெழுத்துகளை மாறிகளாகவும் உயிர்மெய்களை முடிவெழுத்துகளாகவும் வையுங்கள். அ எப்போதும் தொடக்கம். ந, ம, ப மூன்றும் எண்ணிக்கைகளைக் குறிக்கும். க^ந என்றால் க என்ற எழுத்து ந தடவை. சதுரக் கொப்பியில் பென்சிலால், ஒரு சதுரத்துக்கு ஓர் எழுத்தாக எழுதுங்கள். வரிக்கு வரி எழுத்துகள் நேராக நின்றால்தான் எந்த இடத்தில் எந்த விதி பட்டது என்று கண்ணுக்குத் தெரியும். பரீட்சையில் ஆங்கில எழுத்துக்கு மாற்றி எழுத இரண்டு நிமிடம் போதும்.

சூழல்சாராதது அல்ல என்று காட்டுதல்

பம்பிங் லெம்மா 1961இல் பார்-ஹில்லெல், பெர்லெஸ், ஷமிர் மூவரும் தந்தது. சூழல்சாரா மொழியின் நீண்ட சொல் எதிலும், ப நீளத்துக்குள் அடங்கும் ஒன்றிரண்டு துண்டுகளை எத்தனை தடவை திரும்ப எழுதினாலும் (பம்ப் செய்தாலும்) சொல் மொழிக்குள்ளேயே நிற்கும் என்பது அது. க^ந ச^ந ட^ந என்ற மொழிக்கு அதைப் போடுவது எல்லோருக்கும் தெரியும்: ப நீளத்துக்கு உட்பட்ட ஒரு துண்டு கவையும் டவையும் ஒரே நேரத்தில் தொடாது, ஆகவே பம்ப் செய்தால் மூன்று எண்ணிக்கைகளும் சமமாய் நிற்காது. இங்கே புள்ளி போவது இரண்டு காரணங்களால். ஒன்று, சொல்லை எப்படிப் பிரிப்பது என்பதை நீங்களே தீர்மானித்துவிடுவது. பிரிப்பது எதிராளி (மொழி சூழல்சாராதது என்று வாதிடுகிறவர்), நீங்கள் தேர்வது சொல்லை மட்டும். அவர் எப்படிப் பிரித்தாலும் உடையவேண்டும்.

மற்றது, பொருந்தாத சொல்லைத் தேர்வது. ஒரு சொல்லை அப்படியே இரண்டு தடவை எழுதும் ‘ஈரட்டு’ மொழியை எடுங்கள். ககச ககச அதில் ஒரு சொல். இதற்கு க^ப ச க^ப ச என்று தேர்ந்தால் கதை முடிந்தது. எதிராளி முதல் ச எழுத்துக்கு இடப்பக்கம் ஒரு கவையும் வலப்பக்கம் ஒரு கவையும் எடுத்துப் பம்ப் செய்வார். இரண்டு பாதியும் சேர்ந்தே வளரும், சொல் மொழிக்குள்ளேயே நிற்கும். க^ப ச^ப க^ப ச^ப என்று தேர்ந்தால் அவருக்கு அந்த இடம் கிடைக்காது.

பம்பிங் லெம்மாவால் வீழ்த்தவே முடியாத மொழிகளும் உண்டு. க, ச, ட, த என்ற ஒழுங்கில் எழுத்துகள். ஒன்றில் கவின் எண்ணிக்கை பூச்சியம், அல்லது ச, ட, த மூன்றும் சம எண்ணிக்கை. இதை எப்படிப் பம்ப் செய்தாலும் தப்பிவிடும். க இருந்தால் ஒரு கவைப் பம்ப் செய்வார்கள், க இல்லாவிட்டால் எந்த ஓர் எழுத்தைப் பம்ப் செய்தாலும் சரிதான். ஆனாலும் இது சூழல்சாராதது அல்ல. இங்கே குறுக்குவழி, ஓர் ஒழுங்கு மொழியோடு வெட்டுவது, அதாவது இரண்டுக்கும் பொதுவான சொற்களை மட்டும் எடுப்பது. முதலில் ஒரேயொரு க, பிறகு எத்தனை ச, ட, தவும் வரலாம் என்ற ஒழுங்கு மொழியோடு வெட்டினால் க ச^ந ட^ந த^ந மட்டும் மிஞ்சும். சூழல்சாரா மொழியை ஒழுங்கு மொழியோடு வெட்டினால் சூழல்சாரா மொழிதான் வரவேண்டும். வரவில்லை, ஆகவே முடிந்தது. ஒக்டன் 1968இல் தந்த லெம்மாவும் இதற்கு உதவும், ஆனால் வெட்டுமுறை பாதி நீளம்தான்.

க^ந ச^ந ட^ந: ஏழு விதி

1. அ → கஅஇஉ
2. அ → கஇஉ
3. உஇ → இஉ
4. கஇ → கச
5. சஇ → சச
6. சஉ → சட
7. டஉ → டட

இ என்பது ‘இன்னும் ச ஆகாதது’, உ என்பது ‘இன்னும் ட ஆகாதது’. முதலிரண்டு விதிகள் எண்ணிக்கையைச் சமன் செய்கின்றன. அதற்குப் பிறகு எண்ணிக்கை மாறாது. மூன்றாவது ஒழுங்குபடுத்துகிறது. கடைசி நான்கும் காவல்.

ககசசடட வருவதைப் பாருங்கள்: அ ⇒ கஅஇஉ ⇒ ககஇஉஇஉ ⇒ ககஇஇஉஉ ⇒ ககசஇஉஉ ⇒ ககசசஉஉ ⇒ ககசசடஉ ⇒ ககசசடட. ஏழு அடி. பொதுவாக, பிறப்பிக்க ந அடி, இடம்மாற்ற ந(ந−1)/2 அடி, முடிவெழுத்தாக்க 2ந அடி. ந 10 ஆனால் 75. உங்கள் கையெழுத்துப் பிறப்பாக்கத்தில் அடிகளின் தொகை இதற்கு ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு விதியை இரண்டு தரம் போட்டிருக்கிறீர்கள்.

விதிகளுக்கு ஒழுங்கு கிடையாது. ‘முதலில் எல்லாவற்றையும் இடம்மாற்றி முடி, பிறகு முடிவெழுத்தாக்கு’ என்று இலக்கணத்திடம் சொல்ல முடியாது. யாரும் எந்த நேரத்திலும் எந்த விதியையும் போடலாம். ககஇஉஇஉ நிற்கும்போது ஒருவர் அவசரப்பட்டு 4ஐயும் 6ஐயும் போட்டால் ககசடஇஉ வரும். இப்போது டஇ என்று தொடங்கும் விதி இல்லை, உஇ எங்கும் இல்லை. முட்டுச்சந்து. மாறி மிஞ்சியிருப்பதால் இது சொல்லாகாது. இப்படி நிற்பதுதான் வேண்டியது. 4 முதல் 7 வரையுள்ள விதிகளை ‘இ → ச’, ‘உ → ட’ என்று சுருக்கினால் (பலர் சுருக்குகிறார்கள், பார்க்க அழகாக இருப்பதால்) அதே இடத்திலிருந்து ககசடசட வெளியே வந்துவிடும். சரியான சொல் எல்லாம் இன்னும் வரும். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை.

கண்டிப்பான வடிவத்துக்கு மாற்றும்போது

மேலே உள்ளது ‘சுருங்காத’ இலக்கணம்: வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் சிறிதாகாது. கேள்வியில் கண்டிப்பான சூழல்சார் வடிவம் கேட்டிருந்தால், ஒரு விதியில் ஒரேயொரு மாறி மட்டும் மாறவேண்டும், பக்கத்து எழுத்துகள் அப்படியே நிற்கவேண்டும். 3ஆம் விதி மட்டும் அதை மீறுகிறது. கைக்கு முதலில் வரும் திருத்தம் எ என்ற ஒரு புது மாறியை வைத்து:

உஇ → எஇ, எஇ → எஉ, எஉ → இஉ

பார்வைக்குச் சரி. ஆனால் பிழை. உஇஇ என்று மூன்று மாறிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். உஇஇ ⇒ எஇஇ ⇒ எஉஇ. இங்கே முதல் எ எழுத்தை முடிக்காமல் வலப்பக்கத்து உஇயில் கைவைத்தால்: எஎஇ ⇒ எஎஉ ⇒ எஇஉ. இப்போது முதல் எ, தனக்குச் சொந்தமில்லாத ஓர் இயின் பக்கத்தில் நிற்கிறது. இரண்டாம் விதி அதையும் உ ஆக்கும்: எஉஉ ⇒ இஉஉ. ஓர் உவும் இரண்டு இயுமாய்த் தொடங்கியது, ஓர் இயும் இரண்டு உவுமாய் முடிந்தது. ந 3 ஆகும்போது கககஇஉஇஉஇஉவிலிருந்து கககஇஉஇஇஉஉ வரும். அதன் நடுவில் உஇஇ நிற்கிறது. அங்கே இந்த வேலையைச் செய்தால் கடைசியில் கககசசடடடட என்ற சொல் வெளியே வரும்.

திருத்தம் இரண்டு புது மாறிகள், நான்கு விதிகள்:

உஇ → உஏ, உஏ → எஏ, எஏ → எஉ, எஉ → இஉ

இதில் இடையில் யாராவது குறுக்கே போனால் எஇ என்ற நிலை வரும். எஇயில் தொடங்கும் விதி ஒன்றும் இல்லாததால் அது அங்கேயே செத்துவிடும். முதல் திருத்தம் கெட்டது எஇக்கு ஒரு விதி இருந்ததால்தான். புது மாறி சேர்க்கும் ஒவ்வொரு தடவையும், அந்த மாறிக்குப் பக்கத்தில் வரக்கூடிய எல்லா எழுத்துகளையும் வரிசையாக எழுதி, ‘இந்தச் சோடி எப்படி வந்தது, இதை எந்த விதி தொடும்’ என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

ஈரட்டு: தூதுவர் முறை

கசட மொழியில் எல்லா இகளும் ஒன்றுதான். யார் யாரைத் தாண்டினாலும் பரவாயில்லை. ஈரட்டில் ஒழுங்கு முக்கியம். முதல் பாதியில் ஓர் எழுத்துப் போடும்போதே அதன் தூதுவர் ஒருவரை உடன் பிறப்பித்து, அவரை வலப்பக்கம் நகர்த்தி இரண்டாம் பாதியில் இறக்கவேண்டும். நெரிசலான காலி வீதி (Galle Road) பஸ்ஸில் பின்னால் நிற்பவரின் காசு கைமாறிக் கைமாறிக் கொண்டக்டரிடம் போவதுபோல, தூதுவர் பக்கத்து எழுத்தோடு மட்டுமே இடம்மாறுவார்.

அ → கஇஅ, அ → சஉஅ, அ → கஐ, அ → சஔ
இக → கஇ, இச → சஇ, உக → கஉ, உச → சஉ
இஐ → ஐக, உஐ → ஔக, இஔ → ஐச, உஔ → ஔச
ஐ → க, ஔ → ச

இ கவின் தூதுவர், உ சவின் தூதுவர். ஐயும் ஔவும் நடுக்கோடு. ஐ என்றால் ‘கோடும் அதை ஒட்டி ஒரு கவும்’, ஔ என்றால் ‘கோடும் அதை ஒட்டி ஒரு சவும்’. கோட்டைத் தனி மாறியாக வைத்துக் கடைசியில் அழித்தால் விதிகள் 10தான் வரும், ஆனால் அழிக்கும் விதி சுருங்கும் விதி. இலக்கணம் வகை 0க்கு (விதிகளுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாத வகைக்கு) போய்விடும். எழுத்தோடு சேர்த்து வைத்ததால் 14 விதியில் சுருங்காமல் நிற்கிறது.

கசகச: அ ⇒ கஇஅ ⇒ கஇசஔ ⇒ கசஇஔ ⇒ கசஐச ⇒ கசகச.

இங்கே கெடும் இடம் ஒன்றுதான். இரண்டு தூதுவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இடம்மாறலாமே என்று ‘இஉ → உஇ’ சேர்த்துவிடுவது. சேர்த்தால் இரண்டாம் பாதியில் எழுத்துகளின் ஒழுங்கு குலையும்; கசகசகக போன்றவை வந்துவிடும். தூதுவர்கள் ஒருவரையொருவர் தாண்டக் கூடாது. ஐ அவசரப்பட்டு க ஆகிவிட்டால் மிஞ்சிய தூதுவர்கள் வலக்கோடிக்குப் போய் இறங்க இடமில்லாமல் நிற்பார்கள். அதுவும் முட்டுச்சந்துதான், ஆபத்தில்லை.

இயந்திரப் பக்கம்

சூழல்சார் மொழிக்குரிய இயந்திரம், உள்ளீட்டின் நீளத்துக்கு மேல் டேப்பைப் பயன்படுத்தாத டியூரிங் இயந்திரம். மைஹில் 1960இல் நிர்ணய வகையை (ஒவ்வொரு நிலையிலும் அடுத்த அடி ஒன்றே உள்ளதை) வரையறுத்தார், லாண்ட்வெபர் 1963இல் அதன் மொழிகள் சூழல்சார்ந்தவை என்று காட்டினார், குரோடா 1964இல் நிர்ணயமற்ற வகை சூழல்சார் இலக்கணத்துக்குச் சரிசமம் என்று முடித்தார். இந்த இரண்டு வகைக்கும் வலு ஒன்றா என்பது இன்றுவரை திறந்த கேள்வி. நிரப்பு மொழியும் (மொழியில் இல்லாத சொற்கள் எல்லாம் சேர்ந்தது) சூழல்சார்ந்ததா என்ற மற்றக் கேள்வியை மட்டும் இம்மர்மனும் செலெப்செனியும் 1987இல் தனித்தனியே தீர்த்தார்கள்: ஆம்.

கசட மொழிக்கு டேப்பின் இரு கோடியிலும் [ ] வைத்து, கடந்த எழுத்துக்கு மேல் ஃ எழுதுங்கள். நிலை 1: ஃஐத் தாண்டு, க வந்தால் ஃ எழுதி நிலை 2, ] வந்தால் ஏற்றுக்கொள், வேறெது வந்தாலும் நிராகரி. நிலை 2: க, ஃ தாண்டு, ச வந்தால் ஃ எழுதி நிலை 3. நிலை 3: ச, ஃ தாண்டு, ட வந்தால் ஃ எழுதி நிலை 4. நிலை 4: [ வரை இடப்பக்கம் போய் நிலை 1. மற்றதெல்லாம் நிராகரிப்பு.

இவ்வளவோடு நிறுத்தினால் கசடகசடவையும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். முதல் சுற்றில் மூன்று ஃ விழுந்த பிறகு மிச்சம் புதுச் சொல்போலவே தெரிகிறது. ஆகவே தொடக்கத்தில் ஒரு தடவை இடமிருந்து வலம் போய், எல்லாக் கவுக்கும் பின் எல்லாச் சவும், எல்லாச் சவுக்கும் பின் எல்லா டவும் என்று சரிபார்க்கும் சுற்று ஒன்று தேவை. அந்தச் சுற்றிலேயே வெற்றுச் சொல்லையும் நிராகரித்துவிடுங்கள். மேலுள்ள இலக்கணம் அதைத் தருவதில்லை, இயந்திரம் ஏற்றால் இரண்டும் ஒரே மொழி அல்ல.

ஜேஃப்லாப்பில் (JFLAP, இயந்திரமும் இலக்கணமும் கட்டிப் பார்க்கும் மென்பொருள்) இதைக் கட்டும்போது கவனம்: அதன் டேப் இருபக்கமும் முடிவில்லாதது. கோடிக் குறிகளை நீங்களே உள்ளீட்டில் சேர்க்காவிட்டால் இயந்திரம் வெற்றுச் சதுரங்களுக்குள் ஓடிவிடும். இலக்கணம் எழுதும்போது அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்துதான் மாறி.

எந்த அளவு வலு தேவை

ஸ்டாக் பத்தாது என்றதும் நேரே சூழல்சார் இலக்கணத்துக்குத் தாவவேண்டாம். ஒரு சூழல்சார் இலக்கணமும் ஒரு சொல்லும் தந்து ‘இது வருமா’ என்று கேட்பதே பிஸ்பேஸ்-முழுமையான (PSPACE-complete, விரைவான பொதுவழி இல்லை என்று கருதப்படும்) பிரச்சினை. நிரலில் பாகுபடுத்தி (parser) எழுதுகிறவருக்கு அது உதவாது. இடையில் நல்ல படிகள் இருக்கின்றன.

மர ஒட்டு இலக்கணம் (tree-adjoining; ஜோஷி, லெவி, தகஹாஷி, 1975) ஈரட்டையும், நான்கு எழுத்து வரை சம எண்ணிக்கையையும் கையாளும். ஐந்தாவது எழுத்து வந்தால் தோற்கும். நீளத்தின் ஆறாம் அடுக்கு நேரத்தில் பாகுபடுத்தலாம். எத்தனை எழுத்து என்றாலும் வேண்டுமானால் பல்கூற்றுச் சூழல்சாரா இலக்கணம் (செகி முதலிய நால்வர், 1991). அதில் ஒரு மாறி ஒரே துண்டைத் தராமல் பல துண்டுகளைத் தரும். கசடவுக்கு (ய, ர, ல இங்கே முடிவெழுத்துகள் அல்ல, துண்டுகளின் பெயர்கள்): இ முதலில் (க, ச, ட) தரும், இ (ய, ர, ல) தந்தால் (கய, சர, டல) என்பதையும் தரும், அ மூன்றையும் ஒட்டி யரல ஆக்கும். இடம்மாற்றும் விதியே இல்லை, முட்டுச்சந்தும் இல்லை. ஒரே நிபந்தனை: ஒரு துண்டை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. யவை இரண்டு தடவை ஒட்டிவிட்டால் நீளம் 2, 4, 8 என்று இரட்டிக்கத் தொடங்கும். அந்த மொழி இந்த வகுப்புக்கு வெளியே. இரட்டிப்புத் தேவையென்றால் ஏஹோவின் சுட்டு இலக்கணம் (1968), அல்லது லிண்டன்மயரின் எல் முறைமை (அதே வருடம்): ‘க → கக’ என்ற ஒரே விதியை எல்லா எழுத்திலும் ஒரே நேரத்தில் போடுவது.

செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு ஒன்று: சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்துக்கு வரிசை இலக்கணம் எழுதினார்கள். இருபரிமாண இலக்கணத்தில், ஓர் இடத்தில் வரி நீண்டால் பக்கத்து வரிகள் நகரவேண்டும். சுருங்காத விதி எழுதியவருக்கு அந்தச் சிக்கல் உடனே பழகியதாகத் தெரியும்.

சோதனை

பைத்தனில் 20, 30 வரி போதும். தொடக்கத்திலிருந்து பிறப்பிப்பதைவிடச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் போவது நல்லது: விதிகளைத் தலைகீழாக்கி, சொல்லில் தொடங்கி, தொடக்கமான அ வருகிறதா என்று தேடுங்கள். சுருங்காத இலக்கணத்தைத் தலைகீழாக்கினால் எதுவும் வளராது, ஆகவே தேடல் முடிவுள்ளது. ஏற்கெனவே பார்த்ததை ஒரு கணத்தில் (set) போட்டுவைக்க மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் ஒரே வடிவங்களைத் திரும்பத் திரும்பத் தேடும், வட்டமாகச் சுற்றும் விதிகள் இருந்தால் முடியவே முடியாது. மேலேயுள்ள ஏழு விதி இலக்கணத்தில் 6 எழுத்துகள். 9 நீள வடிவங்கள் ஆகக் கூடியது 6^9, அதாவது 10,077,696. உண்மையில் எட்டக்கூடியவை அதில் சிறு பங்குதான், மடிக்கணினி தாங்கும்.

மொழியில் உள்ள சொற்களை மட்டும் கொடுத்துச் சோதிப்பது வீண். க, ச, ட மூன்றால் ஆன எல்லாச் சொற்களையும் நீளம் 1 முதல் கொடுத்து, இலக்கணம் ஏற்பவற்றின் பட்டியலை நேரடியாக எண்ணிப் பார்க்கும் நிரலின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நீளம் 9 வரை கட்டாயம் போங்கள். ஒரு மாறி வைத்த அந்தப் பிழைத் திருத்தம் 6 எழுத்து வரை ஒரு பிழையும் காட்டாது; உஇஇ முதலில் உருவாவதே ந 3இல்தான்.